ஓடுகிற வண்டி நிற்கவும் வேண்டும்

எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னுமா இந்த வண்டியை வைத்திருக்கிறாய்?" வாசலில் வேப்பமரத்து நிழலில் நிற்கும் 1970-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் சொல்கிறார்கள். நானும் வழக்கம் போலச் சிரித்துவிட்டு, "அது இன்னும் நன்றாக ஓடுகிறதே" என்பேன்.

நன்றாக ஓடியது உண்மைதான். நன்றாக நிற்குமா என்று நான் யோசிக்காமல் இருந்துவிட்டேன். சென்ற ஆண்டு என் தாயாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தைக் கற்றேன். பழைய கார், பழைய ஸ்கூட்டர் என்று ஏதாவது ஒன்றை அப்பாவின் நினைவாக வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல, வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம்ம ஊர்க் கார்

ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தில். இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வடிவமைத்து, 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. 1961-லிருந்து அதே காரைச் சென்னையை அடுத்த பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. அம்பாசடர் கல்கத்தாப் பக்கத்துப் பிள்ளை, ஃபியட் பம்பாய்ப் பிள்ளை என்றால் ஹெரால்டு நம் சென்னைப் பிள்ளை. 948 சி.சி. என்ஜின், எட்டு நூறு கிலோவை ஒட்டிய எடை, சந்துக்குள் நுழைந்தாலும் ஒரே வளைப்பில் திரும்பிவிடும் சாமர்த்தியம். முன்பக்க பானட் முழுவதும் முதலை வாயைத் திறப்பது போல முன்னோக்கித் திறக்கும். சிறு வயதில் எனக்கு அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

அப்பா நாமக்கல் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர். 1978-ல் ஒரு டாக்டரிடமிருந்து இதை இரண்டாம் கையாக வாங்கினார். கர்நாடகம் என்ற பெயர் 1973-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய மைசூர் மாநில காலத்து 'எம்.ஒய்.' எண் பலகை இன்னும் அதில் இருக்கிறது. அந்த வண்டியில்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போனோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று ஊர் ஊராக நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, எங்களுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, தொப்பூர் கணவாய் வந்ததும் மட்டும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். நாங்களும் பேசக்கூடாது. அங்கே சரிவில் பிரேக் பிடிக்காமல் உருண்டு கிடக்கும் லாரிகளை அவர் எங்களுக்குக் காட்ட மாட்டார். நாங்களாகப் பார்த்துக்கொள்வோம்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. சென்ற ஆண்டு அம்மா ஒரு ஆசையைச் சொன்னார். "குலதெய்வத்துக்குப் பொங்கல் வெக்கணும் சாமி. உங்கப்பா வண்டியிலயே போயிட்டு வந்துரலாமா?"

எழுபத்தெட்டு வயதில் அவர் கேட்டது அது ஒன்றுதான். மறுக்க மனம் வரவில்லை.

மல்லேஸ்வரம் சரிவில்

ஊருக்குப் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு மாலை, அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு மல்லேஸ்வரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பெங்களூர் சமவெளி போலத் தெரிந்தாலும் மேடும் பள்ளமுமான ஊர் என்பது வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு சரிவில் இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி சட்டென்று வலது பக்கம் இழுத்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்துவிட்டு மறுபடி மிதித்தேன். பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி தரை வரை போய்விட்டது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை இரண்டாவதுக்குத் தள்ளி, நடைபாதையோரம் அடுக்கியிருந்த இளநீர்க் குலைகளில் உரசி வண்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. இளநீர்க்காரர் கன்னடத்தில் வைத வசவு முழுவதும் நியாயமானது. அதற்கும் பணம் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். கதவுக் கைப்பிடியைப் பிடித்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு இடது முன் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. அப்போது பார்த்த மெக்கானிக், "இரண்டு பக்கமும் சேர்த்துப் பண்ணிடலாம் சார், சிலிண்டரும் தேய்ஞ்சிருக்கு" என்று சொன்னார். "எதற்கு அனாவசியச் செலவு? கசிகிற பக்கத்துக்கு ரப்பர் மட்டும் போடுங்கள், லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டிவிடுங்கள்" என்று சொன்னவன் நான்தான். அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன். கடைசி இரண்டு மாதமாக ஆயில் குறைந்துகொண்டே வந்தபோது மேலே ஊற்றி மூடி வைத்தவனும் நான்தான்.

பாய் சொன்ன வைத்தியம்

சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். கன்னடம், உருது, தமிழ் மூன்றும் கலந்து பேசுவார். ஹெரால்டு, ஃபியட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். இப்போது சொந்தமாகக் கடை இல்லை. வீட்டுக்கு வந்து செய்துகொடுப்பார். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் விரலை வைத்துத் தடவினார். விரல் நனைந்தது.

"சார், இந்த வண்டியில எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழிதான். ஒரு எடத்துல ஒழுகிச்சுன்னா நாலும் போச்சு. இப்ப வர்ற வண்டி மாதிரி ரெண்டு வழி கெடையாது" என்றார்.

அதை நான் அதுவரை அறியேன். இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனி வழிகளில் போகிறது. ஒன்று கெட்டாலும் மற்றொன்று பாதியாவது பிடிக்கும். அறுபதுகளின் ஹெரால்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அன்று எங்களைக் காப்பாற்றிய ஹேண்ட் பிரேக், ஆயிலோடு சம்பந்தமில்லாமல் கம்பி வழியாகப் பின் சக்கரங்களைப் பிடிப்பது. அதனால்தான் நாங்கள் நின்றோம்.

வலது பக்கம் ஏன் இழுத்தது என்பதற்கும் அவர் விடை வைத்திருந்தார். இடது சக்கரத்தின் லைனிங் ஆயிலில் ஊறிவிட்டது, வழுக்குகிறது. வலது சக்கரம் மட்டும் பிடிக்கிறது. பிடிக்கிற பக்கம் வண்டி திரும்பும். "பிரேக் ரெட்டை மாட்டு வண்டி மாதிரி சார். ஒரு மாட்டுக்கு மட்டும் தீனி போட்டா வண்டி நேரா போவாது."

டிரம் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சட்டிதான் டிரம். அதற்குள்ளே பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் நிற்கும். அவற்றின் முதுகில் லைனிங் ஒட்டியோ ரிவெட் அடித்தோ இருக்கும். காலால் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் குழாய் வழியாகப் போய், சக்கரத்தில் உள்ள சிறு சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஷூவைத் தள்ளும். ஷூ டிரம்மின் உள்சுவரில் உரசி வண்டியை நிறுத்தும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ இந்த முறைக்கு வழிகாட்டியதாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு அழகான தந்திரம் உண்டு. சுழலும் டிரம், தன் திசையில் நிற்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். நாம் கொடுக்கும் பலத்தோடு சக்கரமும் தன் பலத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் வைத்து, இரண்டு ஷூவும் இப்படி இறுகும்படி அமைத்திருக்கிறார்கள். இதனால் பூஸ்டர் இல்லாமலே வண்டி நிற்கிறது. ஆனால் இந்த உதவி முன்னோக்கிப் போகும்போது மட்டும்தான். மேட்டில் நின்று பின்னோக்கி உருண்டால் முன் பிரேக்கின் பிடி குறைந்துவிடும். பழைய வண்டிக்காரர்கள் மேட்டில் ஹேண்ட் பிரேக்கைக் கையிலேயே பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறையும் உண்டு. நிறுத்தும்போது வண்டியின் வேகமெல்லாம் சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். மூடிய சட்டிக்குள் சூடு எளிதில் வெளியேறாது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். லைனிங்கும் பிடியை இழக்கும். நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் நடப்பது இதுதான். தொப்பூரில் அப்பா ஏன் மௌனமாக இரண்டாவது கியரில் இறங்கினார் என்பது ஐம்பது வருடம் கழித்து எனக்குப் புரிந்தது.

ஊதக்கூடாத தூசி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் இரும்புக் குதிரைகளை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் கை வைக்கக்கூடாது என்பது பாயின் முதல் சட்டம்.

வலது பக்கத்து டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு போல் தூசி. பாய் குனிந்து வாயால் ஊதப் போனார். "வேண்டாம் பாய்!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நார் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீங்கு தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் நம் பழைய வண்டிக்குள் எது இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணி நடப்பது நல்லது. முகத்துக்கு நல்ல முகமூடி, தூசியின் மேல் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பு, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுதல். வாயால் ஊதுவதும் கூடாது, காற்று பம்பால் அடிப்பதும் கூடாது. வீட்டுக் குழந்தைகள் அருகில் வரக்கூடாது.

நான் கொடுத்த முகமூடியைப் பாய் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "நாப்பது வருஷமா இதை ஊதித்தான் சார் சோறு தின்னேன். எங்க உஸ்தாத் கடைசி காலத்துல மூச்சு விடவே கஷ்டப்பட்டாரு. பீடின்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் முகமூடியை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அதைக் கழற்றவில்லை.

இரண்டு பக்கமும் ஒன்றாக

அவரிடம் கற்ற வேலை முறையை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தொடக்கூடாது. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று மறந்துபோனால் பார்த்துக்கொள்ள அதுதான் நமக்குப் பாடப் புத்தகம். என் மகள் போனில் படமும் எடுத்து வைத்தாள். அதே சமயம், மாற்றும் பொருளை ஒரே அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் மாற்ற வேண்டும். இடது பக்கம் புதிது, வலது பக்கம் பழையது என்றால் மறுபடியும் ஒற்றை மாட்டு வண்டிதான்.

ஆயிலில் ஊறிய லைனிங்கை எதில் கழுவினாலும் பயனில்லை. வெளியே காய்ந்த மாதிரி தெரியும். சூடேறினால் உள்ளே இருக்கும் ஆயில் கசிந்து வெளியே வரும். நான் இரண்டு வருடம் முன்பு செய்த மூடத்தனம் அதுதான். நான்கு சக்கரத்து ஷூக்களையும் கழற்றி, புதிய ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் அடித்து வாங்கினோம். ஹெரால்டுக்குப் பெட்டியில் அடைத்த புது ஷூ கிடைப்பது அரிது. ஆனால் இரும்பு ஷூ நன்றாக இருந்தால் அதன் மேல் புது லைனிங் அடித்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் ரப்பர் கிட்டுக்காக அலைந்தது தனிக்கதை. பழைய ரப்பரைக் கையில் கொண்டு போய் அளந்து பார்த்து வாங்கியதால்தான் சரியானது கிடைத்தது.

டிரம்களை லேத்தில் கொடுத்து ஓவல் எடுத்தோம். நாளடைவில் டிரம் வட்டம் கெட்டுவிடும். பிரேக் பிடிக்கும்போது பெடல் காலடியில் துடித்தால் அதுதான் அறிகுறி. அதற்காக அளவுக்கு மீறிக் கடையக்கூடாது. சுவர் மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறும், விரிசலும் விடும். எங்களுடைய ஒரு டிரம்மில் மயிரிழை போல விரிசல் தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய சாமான் கடையில் தேடி இன்னொன்று வாங்கினோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சிலிண்டர். இடது பக்கத்துச் சிலிண்டரின் உள்சுவரைப் பாய் விளக்கொளியில் காட்டினார். அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அந்தக் குழிகள்தான் நான் போட்ட புது ரப்பரையும் அறுத்துவிட்டன. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மாற்றாமல் வருடக்கணக்கில் விட்டால் அந்த ஈரம் உள்ளிருந்தே துருவை உண்டாக்கும். அதோடு ஈரம் கலந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து ஆவிக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஆகவே பெடல் இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தரமாவது ஆயிலை முழுதும் மாற்ற வேண்டும் என்பதன் காரணம் இதுதான். குழி விழுந்த சிலிண்டர்களைக் கடைந்து உள்ளே எவர்சில்வர் ஸ்லீவ் போட்டு வாங்கினோம். மாஸ்டர் சிலிண்டருக்குப் புது ரப்பர், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிது. ரப்பரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவக்கூடாது, ஊறி வீங்கிவிடும். பிரேக் ஆயில் கொண்டுதான் கழுவ வேண்டும்.

டிஸ்க் போட்டுவிடலாமே?

இதற்கிடையில் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? "டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு முன்னால் டிஸ்க் பிரேக் போட்டுவிடு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். டிஸ்க் மேலானது என்பதில் சந்தேகமில்லை. திறந்த வெளியில் இருப்பதால் சூடு உடனே வெளியேறும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கே விரும்பியவர்களுக்கு டிஸ்க் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் வேறு காரின் டிஸ்க்கை வெட்டி ஒட்டிப் பொருத்துவது வேறு விஷயம். மாஸ்டர் சிலிண்டர் அந்த டிஸ்க்குக்கு வேண்டிய ஆயிலைத் தருமா, முன்பிடி அதிகமாகிப் பின் சக்கரம் சமநிலை இழக்குமா என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும். சட்டமும் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கியது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, ஐம்பது வயது கடந்து அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனிப் பதிவு உண்டு. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. எங்கள் வண்டி வழக்கமான பதிவையே புதுப்பித்து ஓடுகிறது. என்றாலும் அசலைக் கெடுக்க மனம் வரவில்லை.

பாயின் தீர்ப்பு எளிமையாக இருந்தது. "இந்த வண்டிக்கு இந்த பிரேக் போதும்னுதான் சார் செஞ்சிருக்கான். நாமதான் அதை ஒழுங்கா வெச்சுக்கல." டிரம் செத்துப்போன தொழில்நுட்பம் என்றும் எண்ண வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் தன் ஐ.டி.3, ஐ.டி.4 மின்சாரக் கார்களின் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கைத்தான் வைத்தது. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. அப்படிச் சும்மா இருக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும், மூடிய டிரம் பிடிக்காது.

அழுத்து... பிடி... விடு

கடைசி வேலை குழாயிலிருந்து காற்றை எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடது பின் சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் உள்ள வலது முன் சக்கரத்தில் முடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பாய் சக்கரத்தடியில். நான் ஆயில் டப்பாவோடு மாஸ்டர் சிலிண்டரின் காவல். அது காலியானால் மறுபடி காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அழுத்தும்மா... பிடி... பிடி... இப்ப விடு." கண்ணாடி டம்ளரில் விட்ட குழாயின் நுனியில் குமிழி குமிழியாக வந்தது. பழைய ஆயில் டீ டிகாக்ஷன் நிறம். ஒரு மணி நேரம் கழித்துக் குமிழி நின்று தெளிந்த ஆயில் வந்தது. "அப்பா, பெடல் கல்லு மாதிரி இருக்கு!" என்று மகள் கத்தினாள். வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் எழுந்து உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டார்.

உடனே ஊருக்குக் கிளம்பவில்லை. புது லைனிங் டிரம்மோடு பழகவேண்டும். இரண்டு வாரம் காலை வேளையில் ஊருக்குள் மெதுவாக ஓட்டினேன். காலியான சாலையில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டுப் பார்த்தேன். நேராக நின்றது. பிறகு மறுபடி அட்ஜஸ்ட் செய்தோம்.

தொப்பூர் அடிவாரத்தில்

விடியற்காலையில் புறப்பட்டோம். தர்மபுரி தாண்டித் தொப்பூர் வந்ததும் நானும் பேச்சை நிறுத்தினேன். இரண்டாவது கியர். பெடலில் விட்டு விட்டுத்தான் கால் வைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் கை கதவுக் கைப்பிடியில்தான் இருந்தது.

அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பாய் சொல்லி அனுப்பிய பரீட்சை ஒன்று பாக்கி இருந்தது. ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. முன் இரண்டும் ஒரே சூடு, பின் இரண்டும் ஒரே சூடு என்றால் சரி.

நான் குனிந்து பார்ப்பதைக் கண்ட அம்மா இறங்கி வந்தார். "என்னடா பாக்கற?" சொன்னேன். அவரும் இடது முன் சக்கரத்தருகே கையை நீட்டினார், பிறகு சுற்றி வந்து வலது பக்கமும் நீட்டினார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. வா, டீ ஆறிப் போவுது" என்றார். அதற்குப் பிறகு நாமக்கல் வரை அவர் கை மடியில்தான் இருந்தது.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சில. பெடல் வழக்கத்தை விட இறங்கினால், வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஆயில் குறைந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். மேலே ஊற்றி மூடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் செய்யாதீர்கள். தூசியை ஊதாதீர்கள், மெக்கானிக்கையும் ஊதவிடாதீர்கள். பிரேக் வேலை தெரியாதவர்கள் அனுபவசாலி ஒருவர் இல்லாமல் தொடாதீர்கள். பாய் போன்றவர்கள் உங்கள் பேட்டையில் இருந்தால் இப்போதே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு நல்ல முகமூடியும் எடுத்துக்கொண்டு போங்கள்.